பக்கத்து வீட்டுப் பையன் சாமி விளக்கைத் திருடிட்டான், ப்ராசிக்யூட்டர் என்னைக் கேக்கறாங்க, என்ன சொல்லட்டும்?

செல்வி_சாட்ஸ்வொர்த் · செவ்வாய் இரவு 8:52

வணக்கம் எல்லாருக்கும். தமிழ்ல டைப் அடிச்சு ரொம்ப நாளாச்சு, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. போன மாசம் எங்க வீட்ல புகுந்துட்டாங்க. சவுத் ஆப்பிரிக்கால, அதுவும் நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த்ல இதெல்லாம் ஒரு நியூஸான்னு கேப்பீங்க, சரி, முழுசா கேளுங்க. டிவிய விட்டுட்டான், மைக்ரோவேவ விட்டுட்டான், வெளிய கீஸருக்குப் போற செம்புக் குழாய அறுத்துட்டான், உள்ள வந்து சாமி விளக்க தூக்கிட்டான். எங்க ஆயா கல்யாணத்துக்கு வந்த பித்தளை குத்துவிளக்கு, ரெண்டு அடி உசரம், வெள்ளிக்கிழமையானா புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு விளக்கவிட என் கைதான் அதிகமா தேஞ்சது. ஸ்க்ராப்யார்டுல அத எடை போட்டு வாங்கிருப்பான், ஒரு நாள் சுகர்ஸ்க்குக் கூட (ஹெராயின் கலந்த போதைப் பொடி) அந்தக் காசு பத்தியிருக்காது.

பையன் ரெண்டு வீடு தள்ளி. 16 வயசு. தீபாவளிக்கு என் கையால முறுக்கு தின்னவன். அப்பா எப்பவோ போயிட்டாரு, அம்மா நைட் ஷிப்ட். மறுநாளே பிடிச்சுட்டாங்க. இப்ப ப்ராசிக்யூட்டர் ஆபீஸ்ல இருந்து போன், டைவர்ஷன் (கேஸ் நடத்தாம திருத்தற திட்டத்துக்கு அனுப்பறது) குடுக்கலாமா இல்ல கேஸ் நடத்தலாமா, உங்க அபிப்பிராயம் என்னன்னு. நான் என்னத்த கண்டேன்?

கோயில் ஹால்ல மீட்டிங் போட்டோம், அங்க ஆளாளுக்கு டாக்டர் ஆயிட்டாங்க. ஒருத்தர் தாய்ப்பாசம் இல்லன்றாரு, ஒருத்தர் ரத்தத்துலயே இருக்குன்றாரு, ஒரு ஆன்ட்டி அவன் சைக்கோன்னு தீர்ப்பே எழுதிட்டாங்க. என் தங்கச்சி பொண்ணு யூனிசா யூனிவர்சிட்டில கிரிமினாலஜி படிக்கறா, அவ நோட்ஸ்ல குற்றத்துக்கு மனோதத்துவக் காரணங்கள், பலம் பலவீனம்னு ஒரு சாப்டரே இருக்கு. மூணு ராத்திரி உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க அந்தப் பையன் மொகம் மறைஞ்சு போகுது, அதான் இங்க வந்து கேக்கறேன்.

பீனிக்ஸ்_பாபு · செவ்வாய் இரவு 9:10

அக்கா மனசுக்கு கஷ்டமா இருக்கு. ஆனா இதுல மனோதத்துவம் எங்க வந்துச்சு? போதை வேணும், காசு இல்ல, திருடினான். சாப்டர் முடிஞ்சது. திருடனுக்கு மட்டும் மனசு இருக்கா, திருட்டு குடுத்தவனுக்கு இல்லையா, எங்க வீட்ல கேட் மோட்டார புடுங்கிட்டுப் போனப்ப என் மனசு எப்படி இருக்குன்னு கேக்க எந்த சைக்காலஜிஸ்டும் வரல. கேஸ் நடக்கட்டும்னு சொல்லிருங்க.

லெனேசியா_லதா · செவ்வாய் இரவு 9:47

செல்வி அக்கா, அந்த நோட்ஸ்ல முதல்ல பவுல்பிதானே? எங்க படிப்புலயும் அங்கதான் ஆரம்பிச்சாங்க. லண்டன்ல குழந்தைகள் கிளினிக்ல வேலை பார்த்த டாக்டர், 1944-ல எழுதினது. திருட்டுப் பழக்கம் உள்ள 44 பிள்ளைங்க ஒரு பக்கம், அதே கிளினிக்குக்கு வேற பிரச்சனைக்கு வந்த, திருடாத 44 பேர் இன்னொரு பக்கம். திருடின 44-ல 14 பேருக்கு யார் மேலயும் ஒட்டுதலே கிடையாது, செஞ்சதுக்கு வெக்கமும் இல்ல. அந்த 14-ல 12 பேர் சின்னக் குழந்தையா இருக்கறப்பவே ரொம்ப நாள் அம்மாவ விட்டுப் பிரிஞ்சிருந்தவங்க. திருடாத பக்கம் அப்படிப் பிரிஞ்சவங்க ரெண்டே பேர்.

படிச்ச உடனே அடேங்கப்பான்னு இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, கோயில் ஹால்ல "தாய்ப்பாசம் இல்ல"ன்னு சொன்ன அங்கிளுக்கு தெரியாமலே அவர் வாயில வந்தது இந்த பவுல்பிதான். ஆனா கிட்டப் போய் பாத்தா, யார் திருடன்னு தெரிஞ்சுக்கிட்டே பேட்டி எடுத்ததும் அவரே, இவனுக்கு ஒட்டுதல் இல்லன்னு முத்திரை குத்தினதும் அவரே. குழந்தையில என்ன நடந்துச்சுன்னு அம்மாமார் ஞாபகத்துல இருந்து சொன்னது. அப்புறம் திருடினவங்கள்ல மீதி 30 பேர் இருக்காங்களே, அவங்க கணக்கு? 1972-ல மைக்கேல் ரட்டர்னு ஒருத்தர், பிரிவு மட்டுமே காரணம் இல்ல, பிரியறதுக்கு முன்னாடி அந்த வீட்ல நடந்த சண்டை சச்சரவப் பாருங்கன்னு சொல்லி இத ஒரு பொரட்டு பொரட்டினாரு.

ஐசங்க்னு ஒருத்தர் ஆளோட சுபாவத்த மூணு அளவுல பிரிச்சு குற்றவாளி சுபாவம்னு ஒண்ணு இருக்குன்னாரு, பரீட்சைக்கு எழுதலாம், அவர் கேள்வித்தாள்ல ஜெயில் கைதிங்க வாங்கின மார்க் அவர் சொன்னபடி முழுசா வரல. அத விட்டுருங்க.

டொங்காட்_தாத்தா · புதன் காலை 5:35

பேத்தி லதா நீ எழுதினத பேரன வாசிக்கச் சொல்லி கேட்டேன் நான் வாயால சொல்றேன் போன் எழுதுது புள்ளி கமா எல்லாம் நீங்களே போட்டுக்கங்க. நாங்க மேகசின் பாரக்ஸ்ல பொறந்தவங்க டர்பன் முனிசிபாலிட்டில எங்கப்பா வேலை, ஒரு ரூம்ல ஏழு பேர், ஒரு வீட்டுப் புள்ள அழுதா நாலு வீட்டு ஆயா ஓடி வருவாங்க, 1960-கள்ல சாட்ஸ்வொர்த்ல கொண்டு போய் விட்டாங்க வீடு நல்லாத்தான் இருந்துச்சு ஆனா அந்த நாலு ஆயாவும் நாலு யூனிட்டுக்கு நாலு ஏரியாவுக்குப் போயிட்டாங்க. அம்மாவப் பிரிஞ்ச புள்ள திருடும்னா பிரிச்சது யாருன்னு அந்த லண்டன் டாக்டர் கேட்டாரா. இந்த நாட்ல சட்டம் போட்டுல்ல பிரிச்சாங்க, சுலு பொம்பள டர்பன்ல வெள்ளக்காரன் புள்ளைய தூக்கி வளப்பா அவ புள்ள ஊர்ல ஆயாகிட்ட வளரும், புருஷன் ஜோபர்க் சுரங்கத்துல ஹாஸ்டல்ல கெடப்பான், வருஷத்துக்கு ஒரு தடவ வருவான். அதுல வளந்த புள்ளைங்க எத்தனையோ பேர் டீச்சர் ஆனாங்க நர்ஸ் ஆனாங்க எல்லாம் திருடவும் இல்ல. அதையும் சேத்துச் சொல்லணும்

ஜோபர்க்_கார்த்தி · புதன் காலை 8:20

தாத்தா சொன்ன பாயிண்ட்ட நான் நம்பர்ல சொல்றேன் (கோயம்புத்தூர்ல இருந்து வந்து ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் ராத்திரி ரோபோல, அதான் டிராபிக் சிக்னல்ல, சிவப்பு விழுந்தா நிக்க பயம், அதனால இந்த நம்பரெல்லாம் மனப்பாடம்). 1994/95-ல சவுத் ஆப்பிரிக்கால லட்சம் பேருக்கு கிட்டத்தட்ட 67 கொலை. 2011/12-ல அது 30 அளவுக்கு இறங்கிச்சு. 2022/23-ல மறுபடி 45, அந்த ஒரு வருஷத்துல மட்டும் 27,494 பேர். ஜப்பான்ல லட்சத்துக்கு ஒண்ணு கூட கிடையாது.

17 வருஷத்துல இந்த நாட்டு ஜனங்க மூளை மாறிடுச்சா? அம்மாங்கெல்லாம் திடீர்னு பாசமானாங்களா, அப்புறம் 2012-ல நிறுத்திட்டாங்களா? சுபாவம், ஜீன், குழந்தைப் பருவம் இதெல்லாம் அவ்ளோ வேகமா ஏறி இறங்காது. ஏறி இறங்கறது துப்பாக்கி, வேலை, போலீஸ், கேங், போதை மார்க்கெட். ஒரு ஆள் ஏன் செஞ்சான்ற கேள்விக்கு வேணா மனோதத்துவம் பதில் சொல்லும், ஒரு ஊர்ல ஏன் இவ்ளோ நடக்குதுன்னு கேட்டா அது கைய விரிச்சிரும். இந்த ரெண்டு கேள்வியையும் ஒண்ணாப் போட்டு குழப்பறதுதான் பாதி சண்டைக்கு காரணம்னு நினைக்கறேன்.

லெனேசியா_லதா · புதன் காலை 10:05

கார்த்தி, ஒத்துக்கறேன், ஆனா செல்வி அக்கா கேட்டது ஊரப் பத்தி இல்லயே, ரெண்டு வீடு தள்ளி இருக்கற ஒரு பையனப் பத்தி. அதே தெருவு, அதே வேலையில்லாத் திண்டாட்டம், அதே சுகர்ஸ் விக்கற முக்கு, அங்க இருக்கற பத்துப் பசங்கள்ல இவன் போனான், மத்த ஒம்பது பேர் போகல. ஏன் இவன்? இந்த இடத்துல உங்க துப்பாக்கிக் கணக்கும் கைய விரிக்கும்.

நியூசிலாந்துல டுனிடின்னு ஒரு ஊர், 1972-73-ல அங்க பொறந்த 1,037 பிள்ளைங்கள தொட்டில்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் தொடர்ந்து பாத்துக்கிட்டே வர்றாங்க. பவுல்பி மாதிரி பின்னாடி திரும்பிப் பாத்து ஞாபகத்துல கேக்கறது இல்ல, முன்னாடியே எழுதி வெச்சுட்டு என்ன ஆகுதுன்னு பாக்கறது. அதுல இருந்து டெரி மொஃபிட்ன்றவங்க 1993-ல ஒண்ணு சொன்னாங்க. ரெண்டு ரகம். ஒரு ரகம் மூணு நாலு வயசுலயே அடம், அடி, கடி, அது அப்படியே கிழவனாகற வரைக்கும் போகும், இவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். இன்னொரு ரகம் பதிமூணு பதினாலுல ஆரம்பிச்சு இருபது தாண்டினதும் தானா விட்டுரும், கூட்டாளிகளோட சேந்து பண்ணுற சேட்டை, பசங்கள்ல பெரும்பாலும் இந்த ரகம்தான். அதே பிள்ளைங்கள்லயே சின்ன வயசுல தன்ன அடக்கிக்கத் தெரியாததுக்கும் 32 வயசுல கேஸ் வாங்கறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னும் கண்டாங்க, குடும்பத்தோட வசதி, பிள்ளையோட அறிவு ரெண்டையும் கழிச்சுப் பாத்த பிறகும்.

அதனால அக்கா, எனக்கு உங்ககிட்ட ஒரே கேள்வி, அந்தப் பையன் அஞ்சு வயசுல எப்படி இருந்தான்?

செல்வி_சாட்ஸ்வொர்த் · புதன் மதியம் 1:15

அஞ்சு வயசுலயா. பூனைக்குட்டிய சட்டைக்குள்ள போட்டுட்டு திரிவான். காவடிக்கு பால்குடம் எடுக்கணும்னு அழுது சின்ன சொம்பு வாங்கிக் குடுத்தோம். ஸ்கூல்ல ஒரு கம்ப்ளைன்ட் இல்ல, போன வருஷம் வரைக்கும்.

பீனிக்ஸ்_பாபு · புதன் மதியம் 1:40

சொம்பு எடுத்தவன்தான் விளக்கையும் எடுத்தான் 😐 லதாக்கா, அந்த ரெண்டாவது ரகம் தானா விட்டுரும்னு எழுதினவங்க ஊர்ல சுகர்ஸ் இருந்துச்சா? அது தானா விடாது. அப்புறம் முதல் ரகம், அதத்தானே நாங்க சைக்கோபாத்ன்றோம், அத மட்டும் டெஸ்ட் பண்ணி கண்டுபிடிச்சு உள்ள போட வேண்டியதுதானே?

மேரிட்ஸ்பர்க்_சிஸ்டர் · புதன் இரவு 7:30

இருபத்திரெண்டு வருஷமா மனநல வார்டுல நர்ஸ், அதனால இத மட்டும் நான் சொல்லிட்டுப் போறேன் பாபு தம்பி. டெஸ்ட் இருக்கு. ஹேர்னு கனடாக்காரர் பண்ணினது. 20 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2, மொத்தம் 40, அதுல 30 வந்தா சைக்கோபாத்னு பொதுவா சொல்றாங்க. பயிற்சி எடுத்தவங்க ஃபைல் முழுக்கப் படிச்சு, நேர்ல உக்காந்து போட வேண்டிய மார்க் அது, கோயில் ஹால்ல பஜ்ஜி தின்னுக்கிட்டே போடற மார்க் இல்ல. வெளிய திரும்பக் குற்றம் செய்வானான்னு கணிக்கறதுல அது ஓரளவு வேலை செய்யுது, இல்லன்னு சொல்லமாட்டேன்.

ஆனா அந்த 20 கேள்விக்குள்ள என்ன இருக்கு தெரியுமா. சின்ன வயசுல கேஸ் இருந்துச்சா, பலவிதமான குற்றம் பண்ணியிருக்கானா, பரோல்ல விட்டப்ப மீறினானா. அதாவது குற்றம் பண்ணினதுக்கு மார்க் போட்டு, மார்க்க கூட்டி, இவன் ஏன் குற்றம் பண்ணினான்னா மார்க் அதிகம்ன்றாங்க. பாம்பு தன் வாலையே முழுங்கற மாதிரி.

இன்னொண்ணு. நான் பாத்துக்கற பேஷண்டுங்க, காதுல குரல் கேக்கறவங்க, அவங்களால அடி வாங்கினவங்களவிட அவங்கள அடிச்சவங்கதான் அதிகம். காச புடுங்கறது, கவர்மெண்ட் உதவிக்காசு வாங்கற கார்ட புடுங்கறது, பொம்பளைங்கன்னா சொல்லவே வேணாம். பேப்பர்ல எங்கயாவது கோரமா ஒண்ணு நடந்தா உடனே மெண்டல்னு எழுதறாங்க, மறுநாள் காலைல என் பேஷண்ட் வீட்டுக்குப் போக டாக்ஸி ஏறினா கூட்டம் ஒதுங்குது. மனோதத்துவ விளக்கத்துக்கு இப்படி ஒரு பில் வருது, அதக் கட்டறது குற்றமே பண்ணாதவங்க.

கோவிந்த்_வக்கீல் · புதன் இரவு 9:22

சிஸ்டர் சொன்னதுல இருந்து நான் தொடர்றேன், கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு உக்காருங்க.

1966 செப்டம்பர் 6, கேப் டவுன் பார்லிமென்ட். நிறவெறி ஆட்சியோட பிரதமர் ஃபெர்வூர்ட் சீட்ல வந்து உக்காந்தாரு, மெசஞ்சர் யூனிபார்ம்ல ஒரு ஆள் கிட்ட வந்து கத்தியால குத்திட்டான். அந்த ஆள் டிமிட்ரி சஃபெண்டாஸ், மொசாம்பிக் லொரென்சோ மார்க்கேஸ்ல (இப்ப மபுட்டோ) பொறந்தவர், அப்பா கிரேக்கர், அம்மா மொசாம்பிக் கலப்பினப் பெண். போலீஸ்ல குடுத்த வாக்குமூலத்துல இந்த நிறவெறிக் கொள்கை எனக்குப் பிடிக்கல, அருவருப்பா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காரு. தெளிவான பேச்சு. ஆனா கோர்ட்டுக்கு வந்தப்ப அந்தப் பேச்சு பின்னாடி போயிடுச்சு, முன்னாடி வந்தது நாடாப்புழு. வயித்துக்குள்ள ஒரு பெரிய புழு இருந்து என்ன ஆட்டிவைக்குதுன்னு அவர் டாக்டர்ககிட்ட சொன்னது. ஸ்கிட்சோஃப்ரினியான்னு நிபுணர்கள் சாட்சி சொன்னாங்க, ஜட்ஜ் பேயர்ஸ் இந்த ஆள விசாரிக்கறதும் ஒரு நாய விசாரிக்கறதும் ஒண்ணுன்ற மாதிரி சொல்லி கேஸ மூடினாரு.

இதுல யாருக்கு லாபம்னு பாருங்க. பைத்தியக்காரன் குத்தினான்னா அதுல அரசியலே இல்ல. அந்த ஆட்சிய வெறுக்க புத்தி உள்ளவனுக்குக் காரணம் இருக்குன்னு யாரும் ஒத்துக்க வேண்டியதில்ல. அவருக்கு வேற வேற நாட்டு ஆஸ்பத்திரில சேந்த சரித்திரம் இருந்ததும் உண்மைதான், ஆனா ஒருத்தனுக்கு வியாதியும் இருக்கலாம், காரணமும் இருக்கலாம் இல்லையா? கோர்ட் ஒண்ணத்தான் எடுத்துக்கிச்சு. சரி பைத்தியம்னு சொன்னீங்களே, ஆஸ்பத்திரிக்காவது அனுப்பினாங்களான்னா, அதுவும் இல்ல. வருஷக்கணக்கா பிரிட்டோரியா சென்ட்ரல் ஜெயில்ல தூக்கு மேடைக்குப் பக்கத்து செல். ஸ்டெர்க்ஃபோன்டைன் மனநல ஆஸ்பத்திரிக்கு மாத்தினது 1994-ல. 1999-ல அங்கயே செத்தாரு.

இதுல ஒரு கூத்து என்னன்னா, செத்துப்போன ஃபெர்வூர்ட் மனோதத்துவ டாக்டரேட். 1924-ல ஸ்டெல்லன்போஷ்ல வாங்கினது, அப்புறம் அங்கயே அந்தப் பாடத்துக்கு புரொபசர். உணர்ச்சி எப்படி மழுங்குதுன்றதுதான் ஆராய்ச்சித் தலைப்பு. மழுங்கின உணர்ச்சியப் பத்தி படிச்ச ஆள் என்னென்ன சட்டம் போட்டாருன்னு தாத்தாவுக்குத் தெரியும். அவர் மனசு எப்படிப்பட்டதுன்னு ஆராய எந்த கோர்ட்டும் டாக்டரக் கூப்பிடல.

இந்தக் கேஸுக்குப் பிறகு ரும்ப்ஃப் கமிஷன் போட்டாங்க, 1967-ல அறிக்கை, அதுல இருந்து வந்ததுதான் 1977 கிரிமினல் ப்ரொசீஜர் சட்டத்துல 77, 78, 79 பிரிவு. நான் இன்னிக்கு கோர்ட்ல தூக்கிட்டு நிக்கறது அந்த 78-தான். ரெண்டு கேள்வி. செஞ்சது தப்புன்னு புரிஞ்சுக்கற சக்தி இருந்துச்சா? புரிஞ்சபடி நடந்துக்கற சக்தி இருந்துச்சா? இல்லன்றதுக்குக் காரணம் மனநோயாவோ மூளை வளர்ச்சிக் குறைவாவோ இருக்கணும், கோவம் வந்துச்சு கண்ணு தெரியலன்றது இதுல வராது. சுகர்ஸ் ஆசை வந்துச்சுன்றதும் வராது.

டொங்காட்_தாத்தா · வியாழன் காலை 5:20

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கு பேக்கரில வேலை. ரேடியோல சொன்னாங்க. மொதலாளி அழுதாரு. நாங்க மாவ பிசைஞ்சுக்கிட்டே இருந்தோம், ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்கல

பீனிக்ஸ்_பாபு · வியாழன் காலை 7:45

வக்கீல் அண்ணா, நீங்களே என் கட்சிக்கு வந்துட்டீங்க போல இருக்கே. கவர்மெண்டுக்கு வேண்டாதவன பைத்தியம்னு சொல்ல ஒரு கருவி, காசு இருக்கறவன் தப்பிக்க ஒரு கருவி. 2014-ல அந்த ஓட்டப்பந்தய வீரர் பிஸ்டோரியஸ் கொலைக் கேஸ்ல பாத்தோமே, பிரிட்டோரியா கோர்ட்ல ஒரு டாக்டர் வந்து பதட்ட நோய்னு சொல்ல, 30 நாள் வெஸ்கோப்பீஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு காலைல போய் சாயங்காலம் வந்தாரு. எங்க தெருப் பையன் ஒருத்தன் பதட்டமா இருக்குன்னு சொன்னா கன்னத்துல ஒண்ணு விழும்.

கோவிந்த்_வக்கீல் · வியாழன் காலை 9:30

தம்பி அந்தக் கேஸ்ல அந்த 30 நாள் முடிவுல குழு என்ன எழுதிச்சு, செய்யறது தப்புன்னு தெரியாத அளவுக்கு மனநோய் எதுவும் அப்ப இல்லன்னுதானே. அந்த இடத்துல ஓட்டைய அடைச்சதும் அதே மனோதத்துவம்தான். காசு விஷயம், ஒத்துக்கறேன், வாய மூடிக்கறேன்.

ஆனா கருவி ரெண்டு பக்கமும் வெட்டும். 1980-கள் கடைசில, நாடே கொதிச்சுக்கிட்டு இருந்தப்ப, கூட்டமா சேந்து கொன்ன கேஸுங்க நெறைய வந்துச்சு. தண்டனையக் குறைக்கற மாதிரி காரணம் எதுவும் காட்டலைன்னா தூக்கு. அப்ப சில டிபென்ஸ் வக்கீலுங்க சமூக மனோதத்துவ நிபுணர்கள கூண்டுல ஏத்தினாங்க. கூட்டத்துக்குள்ள போனா தனி ஆளுன்ற நினைப்பு எப்படிக் கரையுது, பக்கத்துல இருக்கறவன் செய்யறத ஏன் கை தானா செய்யுது, இதெல்லாம் சோதனை பண்ணிப் பாத்த விஷயங்கள்னு விளக்கினாங்க. ஸ்ட்ரைக்ல வேலைக்குப் போன 4 பேர கொன்ன 8 ரயில்வே தொழிலாளிங்க கேஸ்ல 4 பேருக்கு கோர்ட் அத ஏத்துக்கிச்சு, மத்த 4 பேருக்கு தூக்குன்னு தீர்ப்பு. இன்னொண்ணுல ஒரு சின்ன வயசுப் பொண்ண டயர் மாட்டி எரிச்ச 5 பேர், முதல்ல மரண தண்டனை, பிறகு இதே சாட்சியங்கள கேட்ட பிறகு 20 மாசம் ஜெயில். 1995-ல அரசியல் சாசன கோர்ட் தூக்கையே எடுத்துருச்சு, அதனால இப்ப இத யாரும் பேசறதில்ல.

இத நான் ஜெயிச்ச கதையா சொல்லல. அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட போய் 20 மாசம்னு சொல்ல எனக்கு வாய் வராது.

பீனிக்ஸ்_பாபு · வியாழன் இரவு 11:48

மத்தியானத்துல இருந்து இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன். 2021 ஜூலை கலவரத்துல, டர்பன் பக்கத்துல எங்க பீனிக்ஸ்ல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 36 பேர் செத்தாங்க. அந்த வாரம் போலீஸ் இல்ல, கடையெல்லாம் எரியுது, வாட்ஸாப்ல நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் நோட், இவங்க வர்றாங்க அவங்க வர்றாங்கன்னு. நாங்க ரோட்ட மறிச்சு நின்னோம், டயர், பெஞ்ச், பழைய பிரிட்ஜ் எல்லாம் போட்டு. என் கைல ஹாக்கி ஸ்டிக். முதல் நாள் நான் பயந்துக்கிட்டு நின்னேன், ரெண்டாவது நாள் பயம் இல்ல, அதுதான் இப்ப நினைச்சா பயமா இருக்கு. ஒரு பாக்கி, அதான் பிக்கப் வண்டி, வந்துச்சு. உள்ள ரெண்டு பேர். எங்க ஆளுங்க சுத்திக்கிட்டாங்க. நானும் கண்ணாடிய தட்டிட்டு இருந்தேன், யார் சொல்லி தட்டினேன்னு எனக்குத் தெரியாது, கத்தினது என் குரல்தான், ஆனா அது எனக்கே வேற யாரோ கத்தற மாதிரி இருந்துச்சு. எங்க தெரு மாமா ஒருத்தர், எழுபது வயசு இருக்கும், நடுவுல வந்து என் பேர சொல்லி கூப்பிட்டாரு. அப்பா பேரையும் சேத்து சொன்னாரு. சட்டுனு கை நின்னுடுச்சு. அந்த வண்டிய திருப்பி அனுப்பிட்டோம், யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்த மாமா அன்னிக்கு தூங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியாது.

நான் ஒண்ணும் மோசமானவன் இல்ல. அந்த ரோட்ல நின்ன முக்கால்வாசிப் பேரும் இல்ல. வக்கீல் அண்ணா எழுதின அந்த கூட்ட விஷயத்த ரெண்டு தடவ படிச்சேன்.

மேரிட்ஸ்பர்க்_சிஸ்டர் · வெள்ளி காலை 6:05

தம்பி, எழுதினதுக்கு தேங்க்ஸ்.

ஜோபர்க்_கார்த்தி · வெள்ளி காலை 8:40

பாபு அண்ணா தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். உங்கள நிறுத்தினது மனசா, அந்த மாமாவா? மாமா அங்க இல்லாத ரோட்லயும் மனசு அதே மனசுதான். அப்புறம் அதே ரோட்ல நின்னு தட்டாம இருந்தவங்களும் இருந்திருப்பாங்க இல்ல, கூட்டத் தத்துவம் அவங்கள எப்படி விளக்கும்? உண்மையாவே தெரியாமத்தான் கேக்கறேன்.

பீனிக்ஸ்_பாபு · வெள்ளி காலை 9:02

இருந்தாங்க. எங்க அண்ணனே வீட்ட விட்டு வெளிய வரல. அவன கோழைன்னு திட்டினேன்.

லெனேசியா_லதா · வெள்ளி காலை 11:15

கார்த்தி கேட்ட கேள்விக்கு சின்னதா ஒண்ணு. மனோதத்துவம் எப்பவும் அப்படித்தான், நூறு பேர்ல எத்தனை பேர் தட்டுவாங்கன்னு ஓரளவு சொல்லும், அதுல பாபு அண்ணா தட்டுவாரா அவங்க அண்ணன் தட்டுவாரான்னு சொல்லாது. டுனிடினும் அப்படித்தான், கூட்டத்துக்கு கணிப்பு சரியா வரும், ஒத்த ஆளுக்கு வராது. ஆனா கோர்ட்ல நிக்கறது எப்பவும் ஒத்த ஆளு. என் வேலைல நான் கோர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதும்போது கை நடுங்கற இடமே அதுதான், ரிஸ்க் அதிகம்னு ஒரு வார்த்தை எழுதினா ஒரு பையன் உள்ள போறான்.

மேரிட்ஸ்பர்க்_சிஸ்டர் · வெள்ளி மதியம் 12:30

செல்வி அக்கா இன்னும் பதில் தெரியாம இருக்காங்க, நாம இங்க கதை பேசிக்கிட்டு இருக்கோம். அக்கா, காரணம் கண்டுபிடிக்கறதுல இந்தப் படிப்பு தடுமாறினாலும் திருத்தறதுல அதுக்கு ஒரு நல்ல பேர் இருக்கு. குற்றம் பண்ணினவங்கள உக்கார வெச்சு, அந்த நேரத்துல தலைக்குள்ள என்ன ஓடிச்சு, அடுத்த தடவ அது ஓடினா என்ன பண்ணுவேன்னு பழக்கற முறை. சிபிடின்னு சொல்லுவோம். 58 ஆய்வுகள ஒண்ணா வெச்சு 2007-ல லிப்சின்றவர் குழு பாத்தாங்க, அந்தப் பயிற்சி எடுத்தவங்க திரும்பக் குற்றம் பண்ணினது எடுக்காதவங்களவிட சராசரியா 25 சதவீதம் குறைவு. நூத்துக்கு நூறு இல்ல. ஆனா ஜெயில்ல நம்பர் கேங்னு சொல்ற ரவுடிக் கும்பலுக்கு நடுவுல 16 வயசுப் பையன விட்டா எவ்ளோ குறையும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அதுல ஒண்ணு கவனிங்க, அந்தப் பயிற்சில பசங்க சொல்ற சாக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அவங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. யாரையும் அடிக்கலயே. எல்லாரும்தான் பண்றாங்க. இத 1957-லயே ரெண்டு பேர் அமெரிக்கால பட்டியல் போட்டுட்டாங்க. பையன் வாயில எது வருதுன்னு கேளுங்க. சுகர்ஸுக்கு தனியா வைத்தியம் வேணும், பேச்சு மட்டும் போதாது, அத டைவர்ஷன் நிபந்தனையிலயே போடச் சொல்லுங்க.

கோவிந்த்_வக்கீல் · வெள்ளி மதியம் 2:10

சட்டப்படி சொல்றேன் அக்கா. 2008 சைல்ட் ஜஸ்டிஸ் சட்டம். 12 வயசுக்குக் கீழ கேஸே போட முடியாது, முன்னாடி 10-ஆ இருந்தத ஏத்தினாங்க. 12, 13-னா அந்தப் பிள்ளைக்குப் புரியற சக்தி இருந்துச்சுன்னு அரசுதான் நிரூபிக்கணும். இவன் 16, அது இவனுக்கு வராது. ஆனா வீடு புகுந்த கேஸுக்கு டைவர்ஷன் உண்டு, உங்க அபிப்பிராயத்த ப்ராசிக்யூட்டர் கணக்குல எடுத்துக்கணும், அதான் போன். அவன் ஏன் பண்ணினான்னு நீங்க தீர்ப்பு சொல்ல வேண்டியதில்ல. என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க.

செல்வி_சாட்ஸ்வொர்த் · புதன் இரவு 8:15

எல்லாருக்கும், லேட்டானதுக்கு மன்னிக்கணும். திங்கள்கிழமை போனேன். டைவர்ஷனுக்கு சரின்னு சொல்லிட்டேன். ப்ரோகிராமுக்குப் போகணும், சுகர்ஸுக்கு வைத்தியம் எடுக்கணும், ஆறு மாசம் சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வீட்ல இருக்கணும், சனிக்கிழமை கோயில் அடுப்படில பாத்திரம் கழுவணும். கடைசி ஒண்ணு நான் கேட்டது.

அவன என் எதிர உக்கார வெச்சாங்க. எலும்பா இருக்கான். சிஸ்டர் சொன்ன சாக்கெல்லாம் வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் வரல. நான் கேட்டேன், டிவி இருந்துச்சு, போன் சார்ஜ்ல இருந்துச்சு, ஏன்டா விளக்க எடுத்தேன்னு. எனக்குள்ள லதா எழுதினது, தாத்தா சொன்னது, அவங்கம்மா நைட் ஷிப்ட், எல்லாம் ஓடுது, ஏதோ பெருசா சொல்லப்போறான்னு.

"கதவுகிட்ட இருந்துச்சு ஆன்ட்டி"ன்னான்.

லெனேசியா_லதா · புதன் இரவு 8:31

😶

ஜோபர்க்_கார்த்தி · புதன் இரவு 8:40

இதுக்கும் ஒரு தியரி இருக்கு, வேணாம் விடுங்க.

பீனிக்ஸ்_பாபு · புதன் இரவு 9:05

அக்கா எங்கம்மாவோட பழைய விளக்கு ஒண்ணு சும்மாதான் இருக்கு, ஒன்றரை அடி, ஒரு தட்டு நெளிஞ்சிருக்கும். சனிக்கிழமை பாக்கில போட்டு எடுத்துட்டு வர்றேன். கோயிலுக்கே வர்றேன், அவன் பாத்திரம் கழுவற நேரம் எத்தனை மணிக்கு?

செல்வி_சாட்ஸ்வொர்த் · புதன் இரவு 9:20

பத்து மணிக்கு. திட்டறதுக்கு வர்றியா, பாக்கறதுக்கு வர்றியா?

பீனிக்ஸ்_பாபு · புதன் இரவு 9:22

இன்னும் தெரியல அக்கா.